பட்டியலில் எது மேலே, எது கீழே

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் பக்கம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல், கடையம் என்று எந்த ஊரை எடுத்தாலும், வீட்டுக்கு வீடு இரண்டே கேள்விகள்தான். சீட் கிடைக்குமா? கிடைத்தால் அவ்வளவு தூரம் அனுப்பத்தான் வேண்டுமா? நான் இந்தப் பக்கத்தில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியை. மே, ஜூன் மாதங்களில் சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒரு அம்மா, ஒரு பிள்ளை, கையில் மார்க் பட்டியல், செல்போனில் பாதி நிரப்பிய விண்ணப்பம் என்று உட்கார்ந்திருப்பார்கள். என் அண்ணன் மகளும் இந்த வருஷம் அந்தத் திண்ணையில் இருக்கிறாள். அதனால்தான் இதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். கிடைக்குமா என்ற கேள்வி, பட்டியலில் எத்தனை கல்லூரி போட வேண்டும் என்பதை முடிவு செய்யட்டும். எங்கே போய் இருக்கப் போகிறோம் என்ற கேள்வி, எதை மேலே போட வேண்டும் என்பதை முடிவு செய்யட்டும். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. கிடைக்கிற மாதிரி இருப்பதை முதலில் போட்டுவிட்டு, தூரத்தைப் பற்றி ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த பிறகு அழுகிறார்கள்.

பொறியியல் கலந்தாய்வையே எடுத்துக்கொள்வோம். கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100 அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. அதனால் கணிதத்தில் ஒரு மார்க் போனால் ஒன்று போகும், மற்ற இரண்டில் ஒரு மார்க் போனால் அரைதான் போகும். இதை வைத்து ரேங்க் வருகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது போய்விட்டது. 2018 முதல் கலந்தாய்வும் ஆன்லைன்தான், முன்பு மாதிரி ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போடும் பட்டியலில், எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம்.

இங்கேதான் போன வருஷம் ஒரு அம்மா கேட்டார்கள், பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள்: "டீச்சர், கிண்டியெல்லாம் நமக்குக் கிடைக்கவா போவுது, அத முதல்ல போட்டா கைக்கு வாரதும் போயிரும்லா?" கிண்டி என்று அவர்கள் சொன்னது சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியை. அவர்கள் மட்டுமில்லை, படித்த அப்பாக்களும் இதையே கேட்கிறார்கள். போகாது. கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அந்தப் பிள்ளையின் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலாவது நிரம்பிவிட்டதா, சரி, இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. மேலே போட்ட கல்லூரி கிடைக்கவில்லை என்பதற்காகக் கீழே இருக்கும் கல்லூரியில் உங்கள் பிள்ளையின் இடத்தை யாரும் முந்திக்கொண்டு எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கேயும் ரேங்க் தான் பேசும். கிடைக்காத ஒன்றை மேலே போட்டதால் ஒரு பைசா நஷ்டம் இல்லை.

ஆனால் அந்த அம்மாவின் பயத்தில் வேறொரு உண்மை இருக்கிறது, அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே இருப்பது போய்விடும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேலே ஏதாவது காலியானால் தாருங்கள் என்று காத்திருக்கவும் வழி உண்டு. சேவை மையத்தில் பணம் கட்டிவிட்டு அப்படிக் காத்திருக்கும்போது மேலே உள்ளது திறந்தால் பிள்ளை தானாக அங்கே நகர்ந்துவிடும். பழைய இடம் திரும்பி வராது. சும்மா பெயருக்காகச் சென்னைக் கல்லூரி ஒன்றை மேலே போட்டு வைத்தவர்கள், அது நிஜமாகவே வந்து நிற்கும்போது திகைக்கிறார்கள். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி கையில் இருந்தது, இப்போது இல்லை, சென்னை விடுதிக்குக் கட்டப் பணமும் இல்லை. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு வரியையும் போடும்போது, "இதுக்குக் கீழ இருக்கிறத விட்டுட்டு இங்க போவியா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். போவேன் என்றால் மேலே. போக மாட்டேன் என்றால் கீழே, அல்லது வெளியே.

கிடைக்குமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் போன வருஷக் கட்-ஆஃப் மார்க்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் ஒரு வருஷம் கூடுவார்கள், ஒரு வருஷம் குறைவார்கள், அதே 180 இந்த வருஷம் வேறொரு ரேங்க்கில் போய் நிற்கும். போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், உங்கள் பிரிவில் கடைசியாக எந்த ரேங்க் வரை போனது என்று பாருங்கள். பொதுப்பிரிவு 31 சதவீதம் எல்லாருக்கும் திறந்தது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் இடங்கள் அதற்கு மேலே 69 சதவீதம். உங்கள் பிள்ளைக்கு இரண்டு கதவு திறந்திருக்கிறது என்பதை மறந்து ஒரே கதவில் நின்று ஏமாற வேண்டாம். பிறகு, உங்கள் பிள்ளையின் ரேங்க்குக்குக் கொஞ்சம் மேலே உள்ளவை, சுற்றி உள்ளவை, நன்றாகக் கீழே உள்ளவை மூன்றும் பட்டியலில் இருக்க வேண்டும். நாலைந்து கல்லூரியோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள்தான் அந்தச் சுற்றில் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

எங்கள் ஜில்லாவில் மட்டும் அதிகமாகப் படுகிற ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-இல். இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் இங்கே பாதிப் பிள்ளைகள் படிப்பது மிஷன் பள்ளிகளிலும் மற்ற உதவி பெறும் பள்ளிகளிலும்தான். சம்பளம் அரசு தருவதால் அதுவும் அரசுப் பள்ளிதானே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அந்த ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. என் வகுப்பிலேயே அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விட வறுமையான வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது கிடைக்காது என்று ஒவ்வொரு வருஷமும் வாயால் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்குத் தொடங்கி, அப்புறம் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் வந்துவிட்டது. அதே போல ஒதுக்கீடும் ஒரு நாள் வர வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன்.

கலை, அறிவியல் பக்கம் வந்தால் கணக்கு வேறு. திருநெல்வேலி ராணி அண்ணா மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம். மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நாலு பாடத்தின் 400 மார்க்கை வைத்துத் தரவரிசை, தமிழ் இலக்கியத்துக்கும் ஆங்கில இலக்கியத்துக்கும் அந்தந்த மொழி மார்க். பாளையங்கோட்டையின் உதவி பெறும் கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம். எதில் சேர்ந்தாலும் பட்டத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும்.

அந்தப் பெயர் பட்டத்தில் வருவதற்கே எவ்வளவு காலம் ஆனது என்பதை இன்றைய பிள்ளைகள் யாரும் யோசிப்பதில்லை. பாளையங்கோட்டை செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1878-இல் வந்தது. சாரா டக்கர் 1895, செயின்ட் சேவியர்ஸ் 1923. ஊர் முழுக்கக் கல்லூரி, ஆனால் பல்கலைக்கழகம் 600 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில். 1966-இல் மதுரையில் ஒன்று வந்தபோது தூரம் 150 கிலோமீட்டராகக் குறைந்தது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களுக்கென்று தனியாக ஒன்று வந்தது 1990-இல்தான். எங்கள் பள்ளியில் எனக்கு மூத்தவர்களின் சான்றிதழில் மதுரை காமராசர் என்று இருக்கும், அவர்களுக்கும் மூத்தவர்கள் சென்னை. மேற்படிப்பு என்றாலே பெட்டி கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போவது என்று இருந்த காலம் அது. பெட்டி கட்ட முடியாதவர்கள் பி.எஸ்ஸி.யோடு நின்றார்கள், அதிலும் பெண்கள். பேட்டையைத் தாண்டித் தென்காசி சாலையில் அபிஷேகப்பட்டியில் அந்தச் செம்மண் காட்டுக்கு நடுவே கட்டடம் எழுந்த பிறகுதான், காலையில் சோறு கட்டிக்கொண்டு போய் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு விளக்கு வைக்கும் முன்னே வீடு திரும்பலாம் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சாத்தியமானது. நானும் அப்படிப் படித்தவள்தான். எனக்குச் சென்னையிலும் இடம் வந்தது. அப்பா கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார், நான் அபிஷேகப்பட்டியைத் தேர்ந்தெடுத்தேன், அதில் எனக்கு இன்று வரை நிறைவுதான். அந்தப் பல்கலைக்கழகத்தை யாராவது "லோக்கல்தானே" என்று தள்ளிப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு மேலே சொன்ன பட்டியல் கணக்கு அப்படியே பொருந்தாது. சென்னை, மதுரை, திருச்சியில் பாரதிதாசன், காரைக்குடியில் அழகப்பா என்று ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், சில இடங்களில் நுழைவுத் தேர்வும் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் போட ஏழை வீட்டில் பணம் இருக்காது. இங்கேதான் கிடைக்கும் வாய்ப்பை நிதானமாக எடை போட வேண்டும்: அந்தத் துறையில் மொத்தம் எத்தனை இடம், உங்கள் பிரிவுக்கு எத்தனை, வேறு ஊர்க்காரர்கள் எவ்வளவு பேர் மோதுகிறார்கள். பெரிய பெயர் ஒன்று, நடுவில் இரண்டு, நிச்சயம் என்று நம்பக்கூடியது ஒன்று, இதற்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வேன். அதே சமயம் துறை எங்கே இருக்கிறது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மனோன்மணியத்திலேயே சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க வேண்டுமானால் ஆழ்வார்குறிச்சி போக வேண்டும், கடல் அறிவியல் என்றால் குமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம். கடையத்துப் பிள்ளைக்கு ஆழ்வார்குறிச்சி கூப்பிடு தூரம், நாங்குநேரிப் பிள்ளைக்கு இல்லை. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பிச் சேர்ந்துவிட்டு இதைக் கடைசியில் தெரிந்துகொள்ளக் கூடாது.

இடத்தைக் கிலோமீட்டரில் அளப்பதே தப்பு என்பேன். மணி நேரத்தில் அளக்க வேண்டும், பணத்தில் அளக்க வேண்டும், பிள்ளையின் உடம்பில் அளக்க வேண்டும். அம்பையிலிருந்து அபிஷேகப்பட்டி வரைபடத்தில் பக்கம்தான். செங்கோட்டை பாசஞ்சர் பேட்டையில் நிற்கும். 2012-இல் அகலப்பாதை ஆனதிலிருந்து அது பெரிய உதவி. ஆனால் ரயில் நேரமும் வகுப்பு நேரமும் ஒத்துவராத நாளில் சேரன்மகாதேவி வழியாக பஸ், டவுனில் இறங்கி அடுத்த பஸ், அதற்குக் காத்திருப்பு. பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, வெளியூர் போகும் மஃப்சல் பஸ்ஸில் உண்டு. இந்த ஒரு வித்தியாசம் மாதச் செலவைப் புரட்டிப் போடும், விண்ணப்பம் போடும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் ராத்திரி எப்போது படிப்பாள்? களக்காட்டுக்கும் உள்ளே ஒரு கிராமத்திலிருந்து தினமும் வந்துபோகிற பிள்ளையை விட, சென்னை விடுதியில் தங்கி நூலகத்துக்கு நடந்து போகிற பிள்ளை படிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஆகவே பக்கம் என்றால் நல்லது என்றும் இல்லை.

சென்னை என்றால் கணக்கு இன்னொரு மாதிரி. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் பகலிலேயே எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது, ஆனால் அந்த டிக்கெட் விலையில் பீடிக் கட்டு எத்தனை என்று கணக்குப் பார்க்கும் வீடுகள் இங்கே ஏராளம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் 60 நாளைக்கு முன்னே முன்பதிவு திறந்த சில நிமிஷத்தில் இடம் முடிந்துவிடும். அப்புறம் ஆம்னி பஸ் கேட்கும் காசைக் கொடுக்க முடியாமல் பண்டிகைக்கு வராமலே விடுதியில் இருந்துவிட்ட பையன்கள் உண்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியபோது சென்னையில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு போன் கிடைக்காமல் என்னை அழைத்து அழுதாள். ரயிலும் ஓடவில்லை, சாலையும் இல்லை. தூரம் என்றால் என்ன என்று அன்றைக்குப் பெற்றோருக்கும் தெரிந்தது, பிள்ளைக்கும் தெரிந்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டே அனுப்ப வேண்டும் என்கிறேன், அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏனென்றால் தூரம் என்ற வார்த்தை எங்கள் வீடுகளில் ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு ஒரு அளவு. மகன் 170 கட்-ஆஃப் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போகலாம், மகள் 190 வைத்திருந்தாலும் "பொம்பளப் பிள்ள, பக்கத்துலயே படிக்கட்டும் டீச்சர்". பக்கத்தில் உள்ளது நல்ல கல்லூரி என்றால் நானே அதைத்தான் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அது அவளுடைய முடிவாக இருக்க வேண்டும். பிள்ளை கேட்கும் படிப்பே இந்தப் பக்கம் இல்லாதபோது, பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக அவளை வேறு படிப்பில் தள்ளுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பயம் இருந்தால் விடுதி வார்டனோடு பேசுங்கள், ஏற்கெனவே அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை யாரென்று விசாரியுங்கள், என்னிடம் சொல்லுங்கள், நான் பழைய மாணவிகளைப் பிடித்துத் தருகிறேன். நாலு பேரோடு பேசிய பிறகு பல அப்பாக்கள் மனசு மாறியிருக்கிறார்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டம் எங்கே தருகிறார்கள் என்பதும் வகுப்பு எங்கே நடக்கிறது என்பதும் வேறு வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில் என்றாலும், 1984-இல் தொடங்கிய அதன் கல்லூரி வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளத்தில் இருக்கிறது. அதே பாடத்திட்டம், அதே பட்டம். கோயம்புத்தூரையே எல்லாரும் முதலில் போடுவதால் அங்கே சீக்கிரம் நிரம்பும், அதே பிள்ளைக்குக் கிள்ளிகுளம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். நெல்லும் வாழையும் விளையும் ஆற்றுப் படுகையும், மானாவாரிக் கரிசலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, விவசாயம் படிக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். கால்நடை மருத்துவத்துக்கு ராமையன்பட்டி, மீன்வளத்துக்கு 1977 முதல் தூத்துக்குடி, கடலுக்குப் பக்கத்திலேயே. இந்தப் படிப்புகளில் எல்லாம் சென்னைப் பெயருக்காக ஏங்குவது வீண்.

பொறியியலில் அப்படிச் சொல்ல மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகம் என்று எல்லாரும் ஒரே பெயராகச் சொன்னாலும், சென்னையில் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களான கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி.டி. என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. நான்கும் ஒரு ரகம். திருநெல்வேலி மண்டல வளாகம் வேறு, 1981-இல் வந்த அரசு பொறியியல் கல்லூரி வேறு, இணைப்பு பெற்ற தனியார் கல்லூரிகள் வேறு. கணினி சார்ந்த படிப்பில் கம்பெனிகள் எங்கே வந்து ஆள் எடுக்கின்றன என்பது பெரிய விஷயம், அங்கே சென்னைக்கு மதிப்பு உண்டு, கிண்டி கிடைக்கிற பிள்ளையை எப்பாடு பட்டாவது அனுப்புங்கள், முதல் பட்டதாரி சலுகை, கல்விக்கடன் என்று வழி இருக்கிறது. ஆனால் கிண்டி கிடைக்காத பிள்ளை, சென்னைக்கு வெளியே ஏதோ ஒரு பைபாஸில் இருக்கும் பெயர் தெரியாத தனியார் கல்லூரியைச் "சென்னை" என்பதற்காக நெல்லை அரசு பொறியியல் கல்லூரிக்கு மேலே போடுவதைத் தான் நான் கையைப் பிடித்துத் தடுக்கிறேன். அரசுக் கட்டணம், அனுபவப்பட்ட ஆசிரியர்கள், வீட்டுச் சோறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எதைத் தேடிப் போகிறோம்?

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் முடிவு செய்யும் முன்னே ஒரு சாதாரண நாளில், திறந்த நாள் விழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். காலையில் அவள் ஏற வேண்டிய அதே பஸ்ஸில் ஏறுங்கள். துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள், மாநிலப் பல்கலைக்கழகங்களில் நிரப்பாமல் கிடக்கும் பணியிடங்கள் பெரிய பிரச்சினை, கௌரவ விரிவுரையாளர்கள்தான் பல துறைகளைத் தாங்குகிறார்கள். விடுதியில் தண்ணீர் எப்படி, பெண்கள் கழிவறை எப்படி, நூலகம் எத்தனை மணி வரை என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

அண்ணன் மகளுக்கு வருவோம். அவள் கேட்பது எலக்ட்ரானிக்ஸ். அவள் ரேங்க்குக்குக் கிண்டி கொஞ்சம் எட்டாது போலத் தெரிகிறது, இருந்தாலும் முதல் வரியில் அதுதான், இரண்டாவது எம்.ஐ.டி., ஏனென்றால் கிடைத்தால் போவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவது நெல்லை அரசு பொறியியல் கல்லூரி. நாலாவது இடத்துக்கு மதினிக்கும் அவளுக்கும் இன்னும் வாக்குவாதம், மதினி மண்டல வளாகம் என்கிறாள், இவள் கோயம்புத்தூர் என்கிறாள். கோயம்புத்தூர் விடுதிக் கட்டணம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று அங்கே படிக்கும் என் பழைய மாணவியிடம் கேட்டிருக்கிறேன், ராத்திரி போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குக் கீழே இன்னும் முப்பது, நாற்பது கல்லூரி போட வேண்டும். சனிக்கிழமை உட்காருகிறோம்.